வெண்பனியில் வீட்டுத் தோட்டப் பறவைகள்

ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழ 12 மணி நேரமாகவே இருக்கும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் பிறந்து வளர்ந்தவர்க்குக் குளிர்காலம் என்பது நூல்களில் படித்தறியும் ஒன்றேயாம். மழை மிகும், மழை குறையும், அவ்வளவே பருவ மாற்றம். காலையில் முற்றத்தில் வந்தமரும் மைனாவும் சிட்டும் சென்ற இரவை எவ்வாறு கழித்தன என்று இங்கு எவரும் வியப்பதில்லை. ஆனால் வடபுல நாடுகளில், வெண்பனி பெய்து நிலத்தை மூடும் நாட்களில், அவ்வினாவே பறவை வாழ்வின் முதல் வினாவாகி விடுகிறது.

சனவரித் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் பகற்பொழுது 8 மணி நேரமே உண்டு. எஞ்சிய 16 மணி நேரமும் இருள். அந்த 8 மணி நேரத்தில் தேடி உண்டதைக் கொண்டே ஒரு சிறு குருவி அடுத்த 16 மணி நேரக் குளிரைத் தாங்க வேண்டும். தேட வேண்டிய நிலமோ பனியால் மூடிக் கிடக்கிறது. இந்நிலையில்தான் காட்டுப் பறவைகளும் வயற்பறவைகளும் மனிதர் வாழும் வீடுகளை நாடி வருகின்றன. சாளரத்தின் உட்புறம் நின்று காண்போர்க்கு அஃது இனிய காட்சி. புறத்தே நிற்கும் பறவைக்கோ அஃது உயிர்ப் போராட்டம்.

மறக்க முடியாத குளிர்காலம்

இவ்வுண்மையைப் பிரிட்டானிய மக்கள் நன்கறியச் செய்தது 1962 - 63ஆம் ஆண்டுக் குளிர்காலமாகும். 1962 டிசம்பர் 26ஆம் நாள் பரவலாகப் பெய்யத் தொடங்கிய வெண்பனி, மாத இறுதியில் பெரும்புயலாக மாறித் தென்மேற்கு இங்கிலாந்தையும் வேல்சையும் தாக்கிற்று. சில இடங்களில் காற்றால் குவிக்கப்பட்ட பனி 6 மீட்டர் உயரத்துக்கும் மேலாக எழுந்து நின்றது. 1963 சனவரியில் நடு இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 2.1 செல்சியஸ் பாகையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகக் குளிர்ந்த மாதம் அதுவே. கென்ட் மாவட்டத்து ஹெர்ன் பே கடற்கரையில் கடல்நீரே ஒரு மைல் தொலைவுக்கு உறைந்து போயிற்று. மார்ச்சு 6ஆம் நாள் வரை பிரிட்டனில் உறைபனி இல்லாத விடியலே இல்லை. 1740ஆம் ஆண்டுக்குப் பின் இத்தகைய கடுங்குளிர்காலத்தை நடு இங்கிலாந்து கண்டதில்லை என்பது வானிலைக் குறிப்புகள் தரும் செய்தி.

பத்து வாரக் காலம் நீர் உறைந்து, மண் இறுகி, புல்லும் சருகும் மறைந்து கிடந்தால் பறவைகள் என்னாகும்? மீன்கொத்திகள் உறைந்த ஓடைகளின் மேல் பசித்திருந்து மாண்டன. கூகைகள் பனிக்கடியில் ஓடும் எலிகளைப் பிடிக்க மாட்டாமல் மெலிந்து விழுந்தன. தென் இங்கிலாந்தின் புதர்க்காடுகளில் வாழும் டார்ட்போர்டு கதிர்க்குருவி, 1961ஆம் ஆண்டில் நானூறு இணைகளுக்கு மேல் இருந்தது. 1963ஆம் ஆண்டிலோ பத்து இணைகள் அளவுக்குக் குறைந்து போயிற்று. தோட்டங்களில் தத்தித் திரியும் ரென் என்னும் மிகச் சிறு குருவியினத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அழிந்தது என்று கணிக்கப்பட்டது.

கொல்வது குளிரா, பசியா?

குளிர்தான் பறவையைக் கொல்கிறது என்று எவரும் எளிதில் எண்ணி விடலாம். உண்மை சற்று வேறானது. இறகு என்பது இயற்கை அளித்த சிறந்த போர்வை. குளிர் மிகும்போது பறவை தன் இறகுகளைச் சிலிர்த்துக் கொள்கிறது. அப்போது இறகுகளுக்கிடையே காற்று தங்கி, உடல் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. பனிக்காலத்துக் குருவி பந்துபோல் உருண்டு காணப்படுவது கொழுத்திருப்பதால் அன்று. போர்வையை விரித்துக் கொண்டிருப்பதால் ஆகும்.

இறகில்லாக் கால்கள் உறைந்து போகாமல் இருப்பது எவ்வாறு? காலுக்குச் செல்லும் சூடான குருதிக் குழாயும் காலிலிருந்து திரும்பும் குளிர்ந்த குருதிக் குழாயும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்துள்ளன. கீழிறங்கும் குருதி தன் வெப்பத்தை மேலேறும் குருதிக்குக் கொடுத்து விடுகிறது. ஆதலால் உடலின் வெப்பம் உடலிலேயே நிற்கிறது. கால்களோ உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் இருந்துகொண்டே தொழிற்படுகின்றன. உறைந்த குளத்தின்மீது வாத்து அமைதியாக நிற்பதன் மறைபொருள் இதுவே.

இத்துணைக் காப்பிருந்தும் பறவை மாள்வது ஏன்? அடுப்பு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் விறகின்றி எரியாது. பறவையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 40 பாகைக்கு மேலானது. வெளியே உறைநிலைக்குக் கீழ் 10 பாகைக் குளிர் நிலவுமானால், சில அங்குல இடைவெளிக்குள் 50 பாகை வேறுபாட்டை அச்சிற்றுடல் நிலைநிறுத்த வேண்டும். உடல் சிறிதாகச் சிறிதாக, எடையை நோக்க மேற்பரப்பு மிகுகிறது. வெப்பம் விரைந்து வெளியேறுகிறது. சிறு கிண்ணத்திலுள்ள தேநீர் பெரும்பானையிலுள்ளதைவிட விரைவில் ஆறிவிடுவது போன்றதே இது.

நீலப் பட்டாணிக் குருவியின் எடை 11 கிராம் அளவே. ரென்னின் எடை 10 கிராமுக்கும் சற்றுக் குறைவு. பொன்முடி தரித்த கோல்டுகிரெஸ்ட் குருவியோ 5 அல்லது 6 கிராம்தான். நெடிய குளிர் இரவு ஒன்றில் இத்தகைய சிறு பறவை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரையிலும் எரித்துத் தீர்க்க நேரும். மாலையில் சேர்த்த கொழுப்பு விடியலில் தீர்ந்திருக்கும். மறுநாள் உணவு கிடைக்காவிடில் அடுத்த இரவுக்கு எரிபொருள் இல்லை. பெரும்பாலான பறவைகள் குளிரால் இறப்பதில்லை. குளிரை எதிர்க்கும் உணவு இல்லாமையால் இறக்கின்றன.

கூடி உறங்கும் குருவிகள்

உணவால் ஈடுசெய்ய இயலாததைச் சில பறவைகள் ஒற்றுமையால் ஈடுசெய்கின்றன. ரென் பகலில் தனித்தே வாழ்வது. தன் எல்லைக்குள் இன்னொரு ரென் வருவதைப் பொறாது. எனினும் கடுங்குளிர் இரவுகளில் அப்பகையை மறந்து, ஒரே பொந்தில் பல குருவிகள் கூடி, அலகை உட்புறமும் வாலை வெளிப்புறமும் வைத்து அடுக்கடுக்காக உறங்குகின்றன. 1969ஆம் ஆண்டில் நார்போக் மாவட்டத்தில் ஒரே கூட்டுப் பெட்டிக்குள் 61 ரென்கள் புகுந்து உறங்கியது கணக்கிடப்பட்டுள்ளது.

வட அமெரிக்காவின் கருந்தொப்பிச் சிக்கடி என்னும் பட்டாணிக் குருவியினம் வேறொரு வழியைக் கையாளுகிறது. இரவில் அது தன் உடல் வெப்பத்தைப் பகல்நிலையினின்றும் 10 பாகை அல்லது அதற்கும் மேலாகத் தாழ்த்திக் கொள்கிறது. அடுப்பைத் தணித்து வைத்து விறகை மிச்சப்படுத்தும் இல்லத்தரசியின் சிக்கனம் போன்றது அது. மேலும், இலையுதிர் காலத்தில் விதைகளை ஆயிரக்கணக்கான இடங்களில் ஒளித்து வைத்து, தேவைப்படும்போது நினைவு கொண்டு எடுத்துண்ணும் ஆற்றலும் அதற்கு உண்டு.

வருவோரும் செல்வோரும்

குளிரை எதிர்த்து நிற்பது ஒரு வழி. அதைவிட்டு ஓடுவது மற்றொரு வழி. சைபீரியச் சதுப்பு நிலங்களில் குஞ்சு பொரிக்கும் உள்ளான்கள் ஆண்டுதோறும் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புக் காட்டுக்கு வந்து தங்குவது இவ்வழியைச் சேர்ந்ததே. இங்குள்ள மக்கள் தந்திக் கம்பிகளில் காணும் தகைவிலான் குருவிகளும் வடக்கின் குளிருக்கு அஞ்சி வந்த விருந்தினரே.

பிரிட்டனின் நிலை இருமுகமானது. கோடைக்காலப் பறவைகள் பல ஆப்பிரிக்காவுக்குச் சென்று விடுகின்றன. அவை விட்ட இடத்துக்கு நார்வே, சுவீடன், உருசியா ஆகிய நாடுகளிலிருந்து பீல்ட்பேர், ரெட்விங் எனப்படும் பூங்குருவிகள் வருகின்றன. இவை வழக்கமாக வயல்வெளிகளிலேயே மேயும். வெண்பனி வயல்களை மூடியதும் தோட்டங்களுக்குள் நுழைந்து, உதிர்ந்து கிடக்கும் ஆப்பிள் பழங்களைக் காவல் கொள்கின்றன. ஒரு பீல்ட்பேர் ஒரு ஆப்பிள் மரத்தடியைத் தனதாக்கிக் கொண்டு, வரும் பறவைகளையெல்லாம் நாள் முழுவதும் விரட்டுவது பனிக்காலத் தோட்டத்தில் அடிக்கடி காணும் நிகழ்ச்சியாம்.

செம்மார்பு ராபினின் குணமும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. டேவன் மாவட்டத்து டார்ட்டிங்டனில் பள்ளி ஆசிரியராயிருந்த டேவிட் லாக் என்னும் பறவை நூலறிஞர், ராபின்களின் கால்களில் வண்ண வளையங்களை இட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்து ஆராய்ந்தார். ஆணேயன்றிப் பெண்ணும் குளிர்காலத்தில் தனி எல்லை வகுத்துக் கொண்டு, பாடியே அதைக் காக்கிறது என்று அவர் கண்டார். பனிக்கால விடியலில் கேட்கும் ராபினின் இன்னிசை மகிழ்ச்சிப் பாட்டன்று. இவ்விடத்து உணவு எனக்கே உரியது என்னும் அறிவிப்பு அது.

பனி எழுதும் ஏடு

பனி விழுந்த மறுநாட் காலை, தோட்டம் ஒரு வெள்ளை ஏடாக விரிந்து கிடக்கிறது. இரவில் வந்து சென்றவர் யார் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். இரு பாதங்களும் இணை இணையாகப் பதிந்திருந்தால் அது தத்திச் சென்ற குருவி. ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறிப் பதிந்திருந்தால் அது நடந்து சென்ற புறா அல்லது காகம். முயலின் சுவட்டில் பெரிய பின்னங்கால்கள் முன்னேயும், சிறிய முன்னங்கால்கள் பின்னேயும் காணப்படும். தாவும்போது பின்னங்கால்கள் முந்திக் கொண்டு ஊன்றுவதே அதற்குக் காரணம். நரி தன் முன்காற் சுவட்டிலேயே பின்காலையும் வைத்துச் செல்வதால், அதன் தடம் கயிறு பிடித்தாற்போல் ஒரே நேர்கோட்டில் செல்லும்.

சுவடு பதிக்காத உயிர்களும் தோட்டத்தில் உண்டு. முள்ளெலி சருகுக் குவியலுக்குள் சுருண்டு நீள்துயில் கொள்கிறது. 35 பாகையாயிருந்த அதன் உடல் வெப்பம் 10 பாகை அளவுக்கு இறங்கி விடுகிறது. வயலெலிகளோ பனிப்போர்வைக்கு அடியிலேயே வழி அமைத்துத் திரிகின்றன. மேலே உறைபனி வாட்டினும் தடித்த பனியடுக்கின் கீழே குளிர் கடுமையாக இறங்குவதில்லை. எலியைக் காக்கும் அப்பனியே கூகையைப் பட்டினி போடுகிறது. ஓர் உயிரின் கவசம் மற்றோர் உயிரின் கேடாவது இயற்கையின் நியதி போலும்.

மனிதனுக்கு அருகில் வாழ்வதால் பறவைகள் கற்றுக்கொண்ட தந்திரங்களும் உண்டு. வீட்டு வாசலில் வைக்கப்பட்ட பாற்புட்டிகளின் மூடியைப் பட்டாணிக் குருவிகள் கொத்தித் திறந்து, மேலே படிந்த பாலாடையை உண்பது 1921ஆம் ஆண்டில் சவுதாம்டன் நகரையடுத்த சுவெய்த்லிங் என்னும் இடத்தில் முதன்முதலாகக் குறிக்கப்பட்டது. பின்னர் அப்பழக்கம் நாடெங்கும் பரவியதை ஜேம்ஸ் பிஷர், இராபர்ட் ஹைண்டு ஆகிய இருவரும் ஆராய்ந்து 1949ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கொழுப்பு மிக்க பாலாடை குளிர்காலக் குருவிக்கு எத்துணைப் பெருஞ்செல்வம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரு பிடித் தீனி

பசித்து வந்த பறவைக்கு உணவிடும் வழக்கம் பிரிட்டனில் வேரூன்றிய ஒன்று. ஆயினும் எதை இடுவது, எவ்வாறு இடுவது என்னும் அறிவின்றி இடும் உணவு பயன் குன்றும். மேசையில் எஞ்சிய ரொட்டித் துண்டு வயிற்றை நிரப்புமேயன்றிப் போதிய ஆற்றலைத் தராது. கொழுப்புக் கட்டி, உப்பிடாத நிலக்கடலை, சூரியகாந்தி விதை ஆகியவையே குளிர்கால இரவுக்கு ஏற்ற எரிபொருள். செம்முகமும் பொன்னிறச் சிறகும் கொண்ட கோல்டுபிஞ்ச் குருவிகள் விரும்பி உண்ணும் நுண்ணிய கரு விதை, இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் எண்ணெய் வித்தாகப் பயிராகும் பேயெள்ளே என்பது பலர் அறியாத செய்தி.

உணவினும் முதன்மையானது சில வேளைகளில் நீர். எங்கும் நீர் உறைந்த நாளில், வெதுவெதுப்பான நீர் ஊற்றிய ஆழமில்லாத தட்டு ஒன்று பறவைகளின் தாகத்தைத் தணிப்பதோடு, இறகைக் கழுவிச் சீராக்கவும் உதவுகிறது. அழுக்கேறிய இறகு குளிரைத் தடுக்காது. உறையாதிருக்க வேண்டி நீரில் உப்பிடுவது பறவைக்குத் தீங்காக முடியும்.

ஆனால் மேசைக்கு வாராத பறவைகளும் உள. பெரிதும் மாண்ட ரென் விதை தின்பதன்று. பூச்சியும் சிலந்தியுமே அதன் உணவு. மேசையின்மீது எவ்வளவு விதையைக் கொட்டினும் அதற்குப் பயனில்லை. வேலியின் அடியில் தூவிய துருவிய பாலாடைக்கட்டி, வெட்டாமல் விட்ட கொடிப்புதர், அடுக்கி வைத்த பழமரத்துண்டுகள் ஆகியவற்றில் ஒடுங்கியிருக்கும் பூச்சிகள் இவையே அதைக் காக்கும். துப்புரவாகக் கூட்டிப் பெருக்கிய அழகிய தோட்டத்தைவிட, ஒரு மூலையேனும் புதராக விடப்பட்ட தோட்டமே ரென்னுக்கு அடைக்கலம்.

நன்மையில் மறைந்த தீமை

கருணையும் கவனம் இன்றிச் செய்தால் கேடாகும் என்பதற்குக் கிரீன்பிஞ்ச் என்னும் பசுங்குருவியின் வரலாறு சான்றாகும். புறாக்களிடம் நெடுங்காலமாகக் காணப்பட்ட டிரைக்கோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் நோய், 2005ஆம் ஆண்டில் பிரிட்டனின் பிஞ்ச் குருவிகளிடம் கண்டறியப்பட்டது. தொண்டையைத் தாக்கி, உணவை விழுங்க ஒட்டாமற் செய்யும் இந்நோய், எச்சில் பட்ட தீனியாலும் நீராலும் பரவுவது. பல பறவைகள் கூடியுண்ட தீனித் தட்டுகளே நோயைக் கைமாற்றும் இடங்களாயின. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 43 இலட்சமாயிருந்த பசுங்குருவிகள் 28 இலட்சமாகக் குறைந்தன. 2021ஆம் ஆண்டில் அவ்வினம் பிரிட்டனின் பேரிடர்ப் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தட்டுகளை அடிக்கடி கழுவி உலர்த்துக. ஒரு நாளில் தின்று தீரும் அளவே இடுக. நோயுற்ற பறவை தென்படின் உணவிடுவதைச் சில வாரம் நிறுத்துக என்று அறிஞர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

தோட்டத் தீனி பறவையின் பயண வழியையே மாற்றியிருப்பது வியப்புக்குரிய மற்றொரு செய்தி. நடு ஐரோப்பாவில் கோடையைக் கழிக்கும் பிளாக்கேப் என்னும் கருந்தலைக் கதிர்க்குருவிகள் முன்பெல்லாம் குளிர்காலத்தில் தென்மேற்கே இசுபெயின் நோக்கிச் சென்றன. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு அவற்றுள் ஒரு பகுதி வடமேற்கே திரும்பிப் பிரிட்டனுக்கு வருகின்றன. அவ்வாறு வந்த பறவைகளின் குஞ்சுகளும் பெற்றோர் காட்டாமலே அத்திசையை நாடுகின்றன என்பதைப் பீட்டர் பெர்தோல்டு என்னும் செருமானிய அறிஞர் 1992ஆம் ஆண்டில் சோதனையால் மெய்ப்பித்தார். மக்கள் இடும் தீனியும் குளிர் தணிந்து வருவதும் இம்மாற்றத்துக்குத் துணை செய்தன எனப் பிற்கால ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

எண்ணிப் பார்ப்பதன் பயன்

1962ஆம் ஆண்டிலேயே பிரிட்டானியப் பறவையியல் அறக்கட்டளை பொதுப் பறவைகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தது. வேளாண்மை மாற்றங்களால் பறவைகள் குறைகின்றனவோ என்னும் கவலையால் எழுந்தது அம்முயற்சி. தொடங்கிய ஆண்டிலேயே பெருங்குளிர் வந்து சேர்ந்தமையால், அழிவிலிருந்து பறவையினங்கள் மீண்டெழுந்த வரலாறு ஆண்டுதோறும் எண்களாகப் பதிவாயிற்று. ஓரிணை ரென் ஒரு கோடையில் இருமுறை குஞ்சு பொரிக்க வல்லது. எனவே பத்தே ஆண்டுகளில் அவ்வினம் மீண்டும் பெருகிற்று. இன்று பிரிட்டனில் மிகுதியாகக் கூடு கட்டும் பறவை, ஒரு கோடிக்கு மேற்பட்ட இணைகளைக் கொண்ட அந்த ரென்னே ஆகும்.

கடுங்குளிர் கொன்ற இனம் மீண்டது. ஆனால் குளிரே இல்லாத ஆண்டுகளிலும் ஓசையின்றிக் குறைந்துவரும் இனங்கள் உள்ளன. 1979ஆம் ஆண்டில் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் சிறுவர்களைக் கொண்டு தொடங்கிய பெருந்தோட்டப் பறவைக் கணக்கு அதனைக் காட்டிற்று. சனவரி இறுதியில் ஒருவர் ஒரு மணி நேரம் தம் தோட்டத்தையோ பூங்காவையோ நோக்கியிருக்க வேண்டும். வந்த பறவைகளையெல்லாம் கூட்டாமல், ஒரே வேளையில் ஒன்றாகக் கண்ட மிகுதியான எண்ணிக்கையை மட்டும் குறிக்க வேண்டும். வந்த குருவியே மீண்டும் வந்தால் இருமுறை எண்ணப்படாமல் இருக்கவே இவ்விதி. 2021ஆம் ஆண்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதில் பங்கு கொண்டனர். தோட்டங்களில் காணும் சிட்டுக்குருவி, கணக்குத் தொடங்கிய நாள் தொட்டுப் பாதிக்கும் மேலாகக் குறைந்து விட்டது என்பதை உணர்த்தியவை இத்தகைய எளிய மக்களின் எண்களே.

சாளரத்தின் அருகே ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பது பெரிய செயலாகத் தோன்றாது. ஆயினும் பத்து கிராம் எடையுள்ள ஓர் உயிர் பதினாறு மணி நேர இருளைக் கடந்து விடியலில் மீண்டும் வேலியடியில் தத்தி வருவதை ஒரு முறை கண்டவர், அதன் வரவைச் சிறு செய்தியாக எண்ண மாட்டார். அது வாராத காலையையும் அவரே முதலில் அறிவார். குறைவதை அறிந்தால்தான் காக்க முடியும். எண்ணினால்தான் குறைவதை அறிய முடியும்.